பதினாலு பொம்மைகள்

போன குளிர்காலத்தில் நான் ஒரு யுத்தத்தில் தோற்றேன். என்னிடம் பத்தாயிரம் பேர் கொண்ட காலாட்படை. எதிரியிடம் ஆறாயிரம் சொச்சம்தான். யுத்தம் நடந்த இடம், இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்தில் என் அக்கா மகன் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. என் ராஜா விழுந்த இரண்டாவது நிமிடம் அவன் மனைவி எட்டிப் பார்த்து, "மாமா, சண்டை முடிஞ்சிருந்தா மேஜையைக் கொஞ்சம் காலி பண்ணிக் குடுங்க. தோசை ஆறுது" என்றாள்.

சிரிக்கிறீர்கள். நானும் முதலில் சிரித்தேன். முப்பத்தாறு வயசு ஆம்பளை, கம்ப்யூட்டர் கம்பெனியில் பொறுப்பான உத்தியோகம், தலையில் லேசாக வழுக்கை. சனிக்கிழமை ராத்திரி ஆனால் பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து விடுகிறான். கையில் மூன்று முடி உள்ள பிரஷ். எதிரே கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் உயரமான கிரேக்கச் சிப்பாய். அவன் கேடயத்துக்குச் சிவப்பு அடிக்கிறான், செருப்பு வாருக்குப் பழுப்பு அடிக்கிறான், கண்ணுக்குள் ஒரு புள்ளி வைக்கிறான். "டேய், கொலு வைக்கிறதுன்னா நவராத்திரிக்கு வையேன்டா" என்றேன். "இது சண்டை போடற கொலு, மாமா" என்றான்.

அந்த ஊரே அப்படி. பொம்மைச் சிப்பாய் வியாபாரத்தில் பெரிய பெயரான கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் தலைமையகம் அங்கேதான். சுற்றிலும் சின்னச் சின்னதாக இதே தொழிலில் இன்னும் பல கம்பெனிகள். பொம்மையை ஈயத்தில் வார்த்த காலத்தை நினைவு வைத்து, அந்த வட்டாரத்துக்கு ஈயத்தின் பெயராலேயே ஒரு செல்லப் பெயர்கூட உண்டு.

இந்த விளையாட்டின் வம்சாவளியைக் கேட்டால் நீங்களே காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வீர்கள். யானை, குதிரை, தேர், காலாள் என்று நம் ஆட்கள் கண்டுபிடித்த சதுரங்கம் பாரசீகம் போய், அரபு தேசம் போய், ஐரோப்பாவில் செஸ் ஆனது. 1780-ல் ஹெல்விக் என்கிற ஜெர்மன்காரர் செஸ் பலகையைப் பெரிதாக்கி, கட்டங்களுக்கு ஆறு, மலை, காடு என்று வர்ணம் கொடுத்து ஒரு யுத்த விளையாட்டு செய்தார். 1824-ல் ரெய்ஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய ராணுவ அதிகாரி கட்டத்தையே தூக்கிப் போட்டுவிட்டு, நிஜ வரைபடத்தில், தாயக்கட்டை உருட்டி ஆடுகிற மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார். பிரஷ்ய ராணுவம் அதைப் பயிற்சிக்கே எடுத்துக்கொண்டது. 1913-ல் எச்.ஜி.வெல்ஸ் (ஆமாம், கால இயந்திரம் எழுதிய அதே வெல்ஸ்தான்) வீட்டுத் தரையில் ஈயப் பொம்மைகளை நிறுத்தி, விளையாட்டுப் பீரங்கியால் அடித்து வீழ்த்துவதற்கு விதிமுறை எழுதிப் புத்தகமாகவே போட்டார். இந்தச் சின்ன யுத்தத்தை ஆடிப் பார்த்தவனுக்கு நிஜ யுத்தம் எவ்வளவு பெரிய அபத்தம் என்று புரிந்துவிடும் என்பது அவர் கட்சி. யாருக்கும் புரியவில்லை போலிருக்கிறது. அடுத்த வருஷமே முதல் உலகப் போர் வந்துவிட்டது.

சரி, என் யுத்தத்துக்கு வருகிறேன்.

கி.மு. 371, ஜூலை மாதம். கிரீஸில் பியோஷியா என்கிற பகுதி. அங்கே லியூக்ட்ரா என்ற இடத்தில் ஒரு சமவெளி. ஒரு பக்கம் ஸ்பார்ட்டா, இன்னொரு பக்கம் தீப்ஸ். ஸ்பார்ட்டாவை உங்களுக்குத் தெரியும். 300 பேரை வைத்துக்கொண்டு தெர்மாப்பிலேயில் பாரசீகப் பெரும்படையை மறித்தார்களே, அவர்கள்தான். அது கி.மு. 480. அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கும் மேலாக, தரையில் நேருக்கு நேர் ஸ்பார்ட்டாவோடு மோதுவதென்றால் கிரேக்கர்களுக்கு வயிற்றைக் கலக்கும். தீப்ஸ் அவ்வளவு பெரிய பேர் எடுத்த ஊரில்லை. ஆனால், அங்கே எபமினோண்டஸ் என்று ஒருவர் இருந்தார். தத்துவம் படித்தவர். சமாதான மாநாட்டுக்காக ஸ்பார்ட்டாவுக்கே போய், "பியோஷியா முழுமைக்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்று பிடிவாதம் பிடித்தார். ஸ்பார்ட்டாவின் கிழட்டு ராஜா அகெஸிலாஸுக்குக் கோபம் வந்து, ஒப்பந்தத்திலிருந்து தீப்ஸின் பெயரையே அடித்துவிட்டார். அது நடந்து இருபதாவது நாள் லியூக்ட்ரா.

ஸ்பார்ட்டாவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு ராஜாக்கள். களத்துக்கு வந்தவர் இன்னொரு ராஜா, கிளியோம்ப்ரோட்டஸ். அன்றைக்கு மேஜையில் நான்தான் அவர்.

அக்கா மகன் விதிகளைத் தானே எழுதி வைத்திருந்தான். ஒரு பொம்மை என்றால் 50 ஆள். என் காலாட்படை 200 பொம்மை. அதில் பெரும்பாலும் கூட்டாளி ஊர்க்காரர்கள். ஸ்பார்ட்டா நாட்டுப் படை மட்டும் சுமார் 2,300 பேர் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். அது 46 பொம்மை. அந்த 46-லும் முழுக் குடியுரிமை உள்ள அசல் ஸ்பார்ட்டர்கள், அதாவது ஏழு வயசிலிருந்து சண்டைக்கென்றே வளர்க்கப்பட்டவர்கள், மொத்தம் 700 பேர்.

"700-ஐ 50-ஆல வகுங்க மாமா."

"பதினாலு."

"அவ்வளவுதான்" என்று சிவப்பு அங்கி போட்ட 14 பொம்மைகளை எடுத்து என் முன்னால் வைத்தான். மற்ற பொம்மைகளைவிட இவற்றுக்குச் சிரத்தையாக வர்ணம் அடித்திருந்தான். ஒவ்வொரு முகமும் வேறு வேறு.

இவர்களை எங்கே நிறுத்துவது? அதில் எனக்குச் சுதந்திரமே கிடையாது. வலது ஓரம். ஏன் என்று கேட்டேன். எழுந்து நின்று, சமையலறையிலிருந்து இரண்டு தாம்பாளத்தை எடுத்து வந்து காட்டினான். கிரேக்கச் சிப்பாய் கேடயத்தை இடது கையில் பிடிக்கிறான். அது பெரிய வட்டக் கேடயம். அவன் இடது பாதியை மறைத்தது போக, மீதி, இடது பக்கத்தில் நிற்கிறவனின் வலது பாதியை மறைக்கிறது. என் வலது பக்கம் பத்திரமாக இருப்பது பக்கத்து ஆளின் கேடயத்தால். ஆகவே, படை நடக்க ஆரம்பித்தால் ஒவ்வொருவனும் பயத்தில் வலப்பக்கத்து ஆளை ஒட்டி ஒட்டி நகர்வான். மொத்தப் படையும் வலது பக்கம் சாய்ந்துகொண்டே போகும். துசிடிடீஸ் இதை அழகாகக் குறித்து வைத்திருக்கிறார். அப்படியானால் வலது கோடியில் நிற்பவனுக்கு? அவனுக்கு மறைப்பு இல்லை. அதனால் அங்கே இருப்பதிலேயே தைரியசாலியை நிறுத்த வேண்டும். அதுதான் மரியாதைக்குரிய இடம். ராஜா நிற்கிற இடம்.

இரண்டு தரப்பும் இப்படியே நிறுத்துவதால், என் கெட்டிக்காரர்கள் எப்போதும் உன் சோப்ளாங்கிகளின் எதிரே. உன் கெட்டிக்காரர்கள் என் சோப்ளாங்கிகளின் எதிரே. இரண்டு வலதும் ஜெயிக்கும். அப்புறம் எந்த வலது கலையாமல் திரும்பி நிற்கிறதோ, அதற்கு வெற்றி. கலையாமல் திரும்புவதில் ஸ்பார்ட்டாவை அடிக்க ஆளில்லை. கி.மு. 394-ல் நெமியா என்ற இடத்தில் இதே மாதிரி ஜெயித்துக் காட்டினார்கள். லியூக்ட்ராவுக்கு 23 வருஷம் முன்னால்.

எபமினோண்டஸ் என்ன செய்தார் என்றால், தலைகீழாக மாற்றினார். தன் கெட்டிக்காரர்களை இடது பக்கம் கொண்டுவந்து, ராஜாவுக்கு நேர் எதிரே வைத்தார். அதுவும் எப்படி? ஸ்பார்ட்டாவின் படை 12 ஆள் ஆழம். தீப்ஸின் இடது பக்கம் 50 ஆள் ஆழம். மேஜையில் எனக்கு மூன்று வரிசை. எதிரே பன்னிரண்டு வரிசை, ஒரு பஸ் மாதிரி. அவருடைய சோப்ளாங்கிகளை வலது பக்கம் வைத்து, "நீங்கள் அவசரப்படாதீர்கள், பின்தங்கியே வாருங்கள்" என்று சொல்லிவிட்டார். தீப்ஸின் புனிதப் படை என்று 300 பேர், பெலோபிடஸ் தலைமையில். 150 காதல் ஜோடிகள் என்கிறார் புளூடார்க். காதலன் பார்த்துக்கொண்டிருக்கும்போது எவன் புறமுதுகு காட்டுவான் என்ற கணக்கு. அவர்களுக்கு ஆறு பொம்மை.

இப்போது ஒரு ஒப்புதல் வாக்குமூலம். இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் நிறைய ராஜாக்களுக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன். இவர் ஆற்றைத் தாண்டியிருக்கக் கூடாது, அவர் ஒருநாள் பொறுத்திருக்க வேண்டும் என்று, ஃபேன் காற்றில் உட்கார்ந்துகொண்டு. கிளியோம்ப்ரோட்டஸைப் பற்றியும் மனசுக்குள் ஒரு வரி தயாராக இருந்தது. கண்ணெதிரே ஐம்பது வரிசை வந்து நிற்கிறது, மூன்று குழந்தைகளுக்குத் தெரிவது இவருக்குத் தெரியவில்லையா, முட்டாள்.

தாயக்கட்டை உருட்டினோம்.

முதலில் குதிரைப்படை மோதுகிறது. ஸ்பார்ட்டாவின் குதிரைப்படை மகா மட்டம். சரித்திரத்தில் நடந்த மாதிரியே என் குதிரைகள் தோற்று, பின்னால் ஓடி, என் காலாட்படைக்குள்ளேயே புகுந்து வரிசையைக் கலைத்தன. அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் இருவரும் கட்டை உருட்ட வேண்டும். ஆழத்துக்குத் தகுந்த மாதிரி அவனுக்குக் கூடுதல் எண். வீரத்துக்குத் தகுந்த மாதிரி எனக்குக் கூடுதல் எண். முதல் இரண்டு சுற்று நான் ஜெயித்தேன். நிஜத்திலும் அப்படித்தான் என்று பார்த்தால் தெரிகிறது. ராஜா அடிபட்டு விழுந்ததும் அவரை உயிரோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். முன்னால் நின்றவர்கள் அந்த நேரத்தில் ஜெயித்துக்கொண்டிருக்காவிட்டால் அது முடிந்திருக்காது என்று ஸெனஃபன் எழுதுகிறார்.

மூன்றாவது சுற்றிலிருந்து பொம்மைகள் விழ ஆரம்பித்தன. இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. அவன் விதியில் ஒவ்வொரு படைக்கும் ஒரு மனஉறுதிச் சோதனை உண்டு. ஆள் குறையும்போதெல்லாம் கட்டை உருட்ட வேண்டும். என் கூட்டாளிகளுக்கு 1, 2, 3, 4 எது விழுந்தாலும் ஓட்டம். ஓடினால் பிழைத்தார்கள், பெட்டிக்குப் போகாமல் மேஜை ஓரத்தில் நிற்பார்கள். அசல் ஸ்பார்ட்டர்களுக்கு 1 விழுந்தால் மட்டும்தான் ஓட்டம். எனக்கு 1 விழவே இல்லை. ஆகவே அவர்கள் நின்றார்கள். நின்றதனால் செத்தார்கள். "ஒண்ணு விழுடா, ஒண்ணு விழுடா" என்று என் ஆட்கள் ஓடிப்போவதற்காக நானே கட்டையைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் முடிந்தபோது 14-ல் 5 பொம்மை மிச்சம். தோசை சாப்பிட்டோம்.

நான் சும்மா விடுவேனா? "இன்னொரு ஆட்டம். ஆனா நான் நிறுத்தற மாதிரிதான் நிறுத்துவேன்" என்றேன். சரி என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? ராஜாவையும் 14 பேரையும் நடுவில் கொண்டுவந்து வைத்தேன். வலது பக்கம், பஸ் வருகிற இடத்தில், கூட்டாளிகளைக் கொண்டுபோய்த் தள்ளினேன். குதிரைகளைப் படைக்கு முன்னால் விடாமல் ஓரத்தில் ஒதுக்கினேன். பஸ் வந்து கூட்டாளிகளை நசுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், என் ஸ்பார்ட்டர்கள் தீப்ஸின் மெலிந்த நடுப்பகுதியை உடைத்துக்கொண்டு போய், பஸ்ஸைப் பக்கவாட்டில் குத்தினார்கள். பெரிய வெற்றி. என் 14 பேரில் ஒருவர் மட்டும் காலி.

"பார்த்தியாடா? இவ்வளவுதான் விஷயம். உன் கிளியோம்ப்ரோட்டஸுக்கு மண்டையில மசாலா இல்லே."

அவன் பொம்மைகளை எடுத்து அடுக்கிக்கொண்டே சொன்னான்: "ஜெயிச்சீங்க மாமா. ஆனா ஜெயிச்சது ஸ்பார்ட்டா இல்லையே."

"அப்படின்னா?"

"ராஜா வலது பக்கம் நிக்கலைன்னா அவர் எப்படி ஸ்பார்ட்டா ராஜா? அவரை விடுங்க, அந்தக் கூட்டாளிங்களை நினைச்சுப் பாருங்க. 'ஆபத்தான இடத்துல நாங்க நிக்கறோம், நீங்க பக்கத்துல வந்து நில்லுங்க போதும்'னு சொல்லித்தானே இத்தனை வருஷம் அவங்களைக் கூட்டிட்டு வந்தது? இன்னிக்கு 'ஐம்பது வரிசை வருது, நீங்க போய் வாங்கிக்குங்க'ன்னா, எவன் நிப்பான்? சண்டை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வீட்டுக்குப் போயிடுவான். என் விதியில அதுக்குக் கட்டை கிடையாது. அதான் நீங்க ஜெயிச்சீங்க."

நான் பேசவில்லை. அவன் விடவில்லை. கிளியோம்ப்ரோட்டஸுக்குச் சண்டையைத் தவிர்க்கவும் வழியில்லை என்றான். ஏற்கெனவே அவர் தீப்ஸ் மீது படையெடுத்துப் போய், பெரிதாக ஒன்றும் செய்யாமல் திரும்பியவர். தீப்ஸுக்கு இவர் உள்ளூர வேண்டியவரோ என்று ஊரில் சந்தேகம். "இன்றைக்கும் சண்டை போடாமல் திரும்பினால் உங்கள் கதி அதோகதி" என்று அவருடைய நண்பர்களே வந்து சொன்னதாக ஸெனஃபன் எழுதியிருக்கிறார். மத்தியானம் கொஞ்சம் ஒயின் வேறு உள்ளே போயிருந்ததாம். ஐம்பது வரிசையைப் பார்த்துப் பயந்து ராஜா இடத்தை மாற்றிக்கொண்டார் என்று ஊருக்குச் சேதி போனால்?

ஆக, அவருக்கு எச்சரிக்கையே இல்லாமல் போகவில்லை. கி.மு. 424-லேயே தீபர்கள் டீலியத்தில் 25 ஆழத்தில் நின்று ஏதென்ஸை ஜெயித்திருந்தார்கள். கி.மு. 375-ல் டெகைராவில் இதே பெலோபிடஸ் இதே புனிதப் படையோடு ஸ்பார்ட்டாவின் ஒரு படையைத் தோற்கடித்திருந்தார். எல்லாம் தெரிந்த கதைதான். தெரிந்தும் அவரால் அந்த வலது கோடியை விட்டு நகர முடியவில்லை. அவர் ஊருக்கு இருந்த மதிப்பெல்லாம் அந்த இடத்தில் நின்று சம்பாதித்தது. எபமினோண்டஸின் மூளை அங்கேதான் இருக்கிறது. எதிரி எந்த இடத்தை விட்டு நகரவே மாட்டான் என்று தெரிந்துகொண்டு, அங்கே கொண்டுபோய் ஐம்பது வரிசையை நிறுத்தினார்.

நீங்களும் நானும்கூட அப்படி ஒரு வலது கோடி வைத்திருக்கிறோம். "நாங்கள் எப்போதும் இப்படித்தான் சார்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிற இடம். யோசித்துப் பாருங்கள், தெரியும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அதை விட்டு நகர்வது ஒரு பொம்மையை எடுத்து வைக்கிற மாதிரி சுலபம். நான் இரண்டே விநாடியில் ராஜாவை நடுவில் வைத்துவிட்டேனே.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்தியாவில் விடிந்துவிட்ட நேரம், அந்த ஊரில் நடுநிசி. அவன் அலமாரியிலிருந்து ஸெனஃபனை எடுத்துப் படித்தேன். இந்த ஸெனஃபன் ஏதென்ஸில் பிறந்து ஸ்பார்ட்டா மேல் பைத்தியமாக இருந்த மனுஷர். லியூக்ட்ரா சண்டையை முழுக்க வர்ணிக்கிறார், எபமினோண்டஸின் பெயரை மட்டும் அதில் சொல்லவே இல்லை. அவ்வளவு வயிற்றெரிச்சல். ஆனால், இன்னொரு பெயரைச் சொல்கிறார். கிளியோனிமஸ். ஸ்பார்ட்டா இளைஞன். அவன் அப்பா ஸ்போட்ரியஸ், சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரிய தப்புப் பண்ணிவிட்டு மரண தண்டனையிலிருந்து மயிரிழையில் தப்பியவர். மகனுக்கும் அகெஸிலாஸின் பிள்ளைக்கும் இருந்த நேசத்தால் கிடைத்த உயிர். "என்னோடு சிநேகமாக இருந்ததற்காக நீ ஒருநாளும் வெட்கப்படும்படி வைக்க மாட்டேன்" என்கிற பாவனையில் அந்தப் பையன் நண்பனுக்கு வாக்குக் கொடுத்தான். லியூக்ட்ராவில் ராஜாவுக்கு முன்னால் நின்று மூன்று தடவை விழுந்து எழுந்தான். அங்கேயே இறந்தான். அப்பாவும் அதே இடத்தில் இறந்தார்.

என் 14 பொம்மையில் எது கிளியோனிமஸ்? ஒரு பொம்மைக்கு 50 பேர் என்பதால் அவன் தனியாக இல்லை. ஐம்பதில் ஒன்றாக, எதற்குள்ளோ இருக்கிறான். நான் சாயங்காலம் மேஜையிலிருந்து எடுத்து ஓரத்தில் வைத்த 9 பொம்மையில் ஒன்றில்.

நிஜக் கணக்கு இது. ஸ்பார்ட்டா நாட்டுப் படையில் சுமார் 1,000 பேர் செத்தார்கள். களத்தில் நின்ற 700 அசல் ஸ்பார்ட்டர்களில் சுமார் 400 பேர். பொம்மைக் கணக்கில் 14-ல் 8. பிணங்களைக் கேட்டு ஆள் அனுப்பினால், கிரேக்கர் வழக்கத்தில், தோல்வியை ஒத்துக்கொண்டதாக அர்த்தம். அனுப்பினார்கள். எபமினோண்டஸ் அதிலும் ஒரு காரியம் செய்ததாக பௌசானியஸ் என்ற பயண எழுத்தாளர் சொல்கிறார். முதலில் கூட்டாளி ஊர்க்காரர்கள் தங்கள் பிணங்களை எடுத்துக்கொள்ளட்டும் என்றாராம். அவர்கள் எடுத்து முடித்த பிறகு களத்தில் கிடப்பது அத்தனையும் ஸ்பார்ட்டா என்று ஊருக்கே தெரிய வேண்டும், மறைக்க முடியக் கூடாது என்று.

ஸ்பார்ட்டாவுக்குச் சேதி வந்த அன்று திருவிழாவின் கடைசி நாள். ஆண்கள் கூட்டமாகப் பாடி ஆடிக்கொண்டிருந்தார்கள். அதிகாரிகளுக்குச் சேதி தெரிந்துவிட்டது. ஆட்டத்தை நிறுத்தவில்லை, முழுக்க முடியட்டும் என்று விட்டார்கள். செத்தவர்களின் பெயர்களை வீடு வீடாகச் சொல்லி அனுப்பினார்கள். பெண்கள் வாய்விட்டு அழக் கூடாது, சத்தமில்லாமல் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. மறுநாள் காலையில், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் பளிச்சென்ற முகத்தோடு தெருவில் நடமாடினார்கள். பிள்ளை பிழைத்திருக்கிறான் என்று சேதி வந்த வீட்டுக்காரர்கள் வெளியிலேயே அதிகம் தலைகாட்டவில்லை. வந்த ஒன்றிரண்டு பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்கள்.

இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். நம்மூரில் ஒரு சாவு வீட்டில் எழுகிற ஓலத்தை நினைத்துக்கொண்டேன். அழுவதற்காவது விட்டிருக்கலாம்.

ஓடி வந்தவனுக்கு அந்த ஊரில் உரிமை எதுவும் கிடையாது. ஒட்டுப்போட்ட துணியோடு, பாதித் தாடியை மழித்துக்கொண்டு திரிய வேண்டும் என்கிறார் புளூடார்க். ஆனால், இந்தத் தடவை பிழைத்து வந்தவர்கள் அதிகம். எல்லாரையும் தண்டித்தால் ஊரில் ஆளே மிஞ்சாது. கிழ ராஜா அகெஸிலாஸிடம் பொறுப்பை விட்டார்கள். இன்று ஒருநாள் மட்டும் சட்டம் தூங்கட்டும் என்று தீர்ப்பு சொன்னார் அவர்.

ஏன் அப்படிச் சொல்ல வேண்டி வந்தது? கி.மு. 480-ல் ஸ்பார்ட்டாவில் 8,000 ஆண்கள் இருந்ததாக ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அங்கே குடிமகனாக இருப்பதற்கு, பொதுப் பந்திக்கு மாதா மாதம் தானியமும் ஒயினும் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாதவன் குடிமகன் பட்டியலிலிருந்து அவுட். நிலமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சில கைகளுக்குப் போய்ச் சேர, பட்டியல் சுருங்கிக்கொண்டே வந்தது. புதுசாக யாரையும் சேர்த்துக்கொள்ளவும் மனசில்லை. கடைசியில் ஆயிரம் பேர்கூட இல்லாமல் போனார்கள், ஒரே ஓர் அடியைத் தாங்க முடியவில்லை, ஆளில்லாமல் அழிந்தார்கள் என்கிறார் அரிஸ்டாட்டில். அந்த ஒரு அடி லியூக்ட்ரா. அடுத்த வருஷக் குளிர்காலத்தில் எபமினோண்டஸ் ஸ்பார்ட்டாவின் வாசல்வரை படையோடு வந்தார். தலைமுறை தலைமுறையாக ஸ்பார்ட்டாவுக்கு அடிமை உழவு செய்துகொண்டிருந்த மெசீனிய மக்கள் விடுதலை ஆனார்கள், அவர்களுக்கென்று ஒரு நகரமே எழும்பியது. அந்த மக்கள் லியூக்ட்ராவைப் பற்றி அழுதிருக்க மாட்டார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காபி குடித்துக்கொண்டே அக்கா மகனிடம் கேட்டேன்.

"டேய், மத்த படைக்கெல்லாம் உபரியா பொம்மை வெச்சிருக்கே. அந்தச் சிவப்பு அங்கிக்காரங்க மட்டும் ஏன் சரியா பதினாலு? ரெண்டு உடைஞ்சா என்ன பண்ணுவே? இன்னொரு பெட்டி வாங்கி வையேன்."

"நான் வாங்கிடலாம் மாமா. கடை பக்கத்துலதான் இருக்கு" என்றான். "அவங்களால வாங்க முடியலையே. அதனால வாங்காம வெச்சிருக்கேன்."

சனிக்கிழமை ராத்திரிகளில் அவன் பூதக்கண்ணாடியில் குனிந்து என்ன செய்கிறான் என்று அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. கொலு என்று கிண்டல் பண்ணியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. மாமன்கள் கேட்பதில்லை. "இன்னொரு ஆட்டம் போடலாமா? நான் ஸ்பார்ட்டாவே எடுத்துக்கறேன்" என்றேன்.

"எங்க நிறுத்தப் போறீங்க?"

"வலது பக்கம்."

தோற்றேன். இந்தத் தடவை கட்டை கொஞ்சம் கருணை காட்டியது, 14-ல் 6 பேர்தான் போனார்கள். சாயங்காலம் பெட்டியில் பஞ்சு வைத்து அடுக்கும் வேலையை நான் வாங்கிக்கொண்டேன். விழுந்தவர்கள், நின்றவர்கள் என்ற பாகுபாடில்லாமல் ஒவ்வொருவராக எடுத்து, ஈட்டி வளையாமல் படுக்க வைத்தேன். மூடி போடுவதற்கு முன்னால் எண்ணிப் பார்த்தேன்.

பதினாலு இருந்தது.